முழுகியாச்சு

நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

யுத்தம் நடந்த பொருளாதாரத் தடைக் காலம். மின்சாரம் இல்லை, பெற்றோல் இல்லை. நீர்வேலியிலிருந்து டிஸ்பென்சரிக்கு வயிற்றுக் குத்தோடு நானே சைக்கிள் மிதித்துப் போனேன். தன் சைக்கிளில் கூட வந்த என் கணவரைப் பார்த்துத்தான் டொக்டர் கேட்டார், "என்னவாம் இவவுக்கு?"

வெட்கத்தை விழுங்கிக்கொண்டு நான் சொன்னேன்: "இந்த மாதம் முழுகேல்லை, டொக்டர். இப்ப ரெண்டு நாளாய்க் கொஞ்சமாய்ப் படுது."

"அப்ப முழுகியாச்சுத்தானே. உது வாயு."

மாதவிலக்கு முடிந்து தலைக்குத் தண்ணீர் வார்ப்பதைத்தான் எங்கள் ஊரில் முழுகுவது என்போம். முழுகாமல் இருப்பவள் பிள்ளைத்தாய்ச்சி. இரண்டு சொட்டு இரத்தம் என்றதும் மனிதர் என்னை முழுக வைத்துவிட்டார்! எத்தனை நாள் பிந்தியது, இரத்தம் எப்படிப் பட்டது, ஒரு கேள்வி இல்லை. தோள்மூட்டும் நோகிறது என்றேன். "சைக்கிள் மிதிச்ச நோ," என்று, நான் கொண்டுபோன போத்தலில் தண்ணி மருந்தை ஊற்றித் தந்தார்.

மூன்றாம் நாள் காலை கிணற்றடியில் விழுந்தேன். பக்கத்து வீட்டு லாண்ட்மாஸ்ரர் உழவு மெசினில், மண்ணெண்ணெய் ஊற்றி, ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். கருப்பைக்குப் போகாமல் கருக்குழாயிலேயே தங்கிய கரு, குழாயை வெடிக்க வைத்திருந்தது. தோள் நோவும் உள்ளே கசிந்த இரத்தத்தால்தானாம். அடிவயிற்றைக் கீறி, குழாயை எடுத்துத்தான் என்னைக் காப்பாற்றினார்கள்.

தையல் பார்க்க வந்த பெண் டொக்டர் சொன்னார்: "வெளிநாடுகளிலை வயித்துக்குள்ளை வாயுவை ஏத்தி, தொப்புளடியிலை சின்னத் துளை போட்டு, கமரா விட்டுப் பாத்தே இதை எடுக்கினம், அக்கா. வெடிக்க முந்திப் பிடிச்சால் சிலநேரம் குழாயும் தப்பும்."

வாயு என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. தையல் இழுத்து நொந்தது. சிரித்து முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.

கமரா இல்லாததற்கு யுத்தத்தைத் திட்டலாம். ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்து நாலு கேள்வி கேட்க எந்த மின்சாரம் வேண்டும்?

நடக்கத் தொடங்கியதும் கணவரோடு அந்தப் போத்தலைக் கொண்டுபோய் டிஸ்பென்சரி மேசையில் வைத்தேன். அவர் மறுபடியும் கணவரைத்தான் பார்த்தார். "வாயு எப்பிடி?"

"அது வாயு இல்லை. என்ரை பிள்ளை," என்றேன். "குழாயோடை போயிட்டுது."

வெளியே வந்தால், மர வாங்கில் ஆணும் பெண்ணுமாகப் பத்துப் பேர் முறைக்குக் காத்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு இளம்பெண் அடிவயிற்றைப் பிடித்தபடி புருஷனுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள். எல்லோருக்கும் கேட்கத்தக்கதாகவே கேட்டேன்:

"தங்கச்சி, கடைசியா எப்ப முழுகினனீர்?"