இரண்டு கொம்பனி றிம், இரண்டு கொப்பி

சுனாமியில் எங்கள் மகள் போன பிறகு என் கணவர் கடலுக்குப் போகவில்லை. வாகரைக்குக் கிட்ட, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்புமாக ஒடுங்கிக் கிடக்கிற ஊர் எங்களுடையது. அங்கே கடலுக்குப் போகாத ஆம்பிளைக்கு வேறு தொழில் இல்லை. நிவாரணமாக ஒரு படகு தந்தார்கள். அதை அவர் ஒரு தடவைகூடத் தண்ணீரில் இறக்கவில்லை. கடைசியில் அதை விற்று, என் காப்பையும் சேர்த்து, பழைய ஜப்பான் வான் ஒன்றை வாங்கினார்.

சனங்களை வாழைச்சேனைக்கும் மட்டக்களப்புக்கும் ஏற்றி இறக்குவதுதான் ஓட்டம். அந்த வானில் பெரிய வசதி எதுவும் இருக்கவில்லை. ஆனால் நாலு சில்லுக்கும் அலோய் றிம் இருந்தது. ஜப்பானில் வானோடு சேர்ந்து வந்த கொம்பனி றிம். கடல் மணலும் உப்பும் பட்டால் அரித்துவிடும் என்று மாதத்துக்கொரு முறை நாலையும் கழற்றிப் பின்பக்கத்தையும் கழுவுவார். முன்பக்கத்தை ஊரே பார்த்தது. பின்பக்கம் அவருக்கு மட்டும்தான் மனப்பாடம்: எழுத்துகள் எங்கே புடைத்து நிற்கும், நடுவிலிருந்து விளிம்புக்குப் போகிற கம்பிகளின் உள்பக்கம் எப்படிக் குடைந்திருக்கும் என்பதெல்லாம்.

பிறகு திரும்பவும் சண்டை வந்தது. செல் குண்டு விழத் தொடங்கியதும் ஊர் காலியானது. ரோட்டைப் பூட்டிவிட்டார்கள், டீசலும் இல்லை. வானை வேப்பமரத்தடியில் விட்டு, மேலே தென்னோலைக் கிடுகு போட்டு மூடிவிட்டு, கையில் அகப்பட்டதோடு காட்டு வழியால் நடந்தோம். முகாமில் இருந்த காலம் முழுக்க அவர் அந்த வானைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. பேசினால் அது இல்லாமல் போய்விடும் என்று பயந்தாரோ என்னவோ.

திரும்பிப் போனபோது வீட்டில் கூரை இருக்கவில்லை. வான் இருந்தது. கிடுகு உக்கி விழுந்திருந்தது, கண்ணாடிகூட உடையவில்லை. நாலு சில்லும்தான் இல்லை. வயிறு மணலில் பட, மாடு படுத்திருப்பதுபோல் படுத்துக் கிடந்தது. அவர் அதைச் சுற்றி ஒருதரம் நடந்தார்.

"யாரைக் கேக்கிற?" என்றார் என்னிடம்.

உண்மையாகவே கேட்க ஆள் இல்லை. ரோட்டில் ஒரு பக்கம் ஆமி, ஊருக்குள் எங்களைப் போலவே எல்லாம் பறிகொடுத்த சனம். மரக்கட்டைகளை அடுக்கி வானைத் தூக்கி நிறுத்திவிட்டு அவர் கூலி வேலைக்குப் போகத் தொடங்கினார். இரும்பு றிம் போடலாம் என்று தேடிப் பார்த்தார். கிடைத்ததெல்லாம் ஆறு நட்டுக்கு ஓட்டை போட்டவை, எங்களுடையது ஐந்து நட்டு. பொருந்திய ஒன்றிரண்டும் துருப்பிடித்து, தட்டினால் தவிடாய் உதிர்ந்தன. வான் கட்டையிலேயே நின்றது.

வடக்கில் போர் முடிந்த வருசம் நான் கர்ப்பமானேன். எனக்கு வயது கூடிவிட்டிருந்தது. சந்தோசப்படவும் பயம். கிளினிக்கில், இது கவனமாகப் பார்க்க வேண்டிய பிள்ளை, நேரத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்று சொன்னார்கள். அதற்குப் பிறகு அவர் வானைத் தவிர வேறு எதையும் நினைக்கவில்லை. ரோட்டெல்லாம் திறந்து கொழும்பிலிருந்து பழைய சாமான் லொறி லொறியாக வருகிறது, மட்டக்களப்பில் வாவிக் கரையோரம் ஒருவர் றிம் வைத்து விற்கிறார் என்று பஸ்ஸில் யாரோ சொல்லியிருந்தார்கள். எனக்குக் கிளினிக் இருந்த நாளில் இரண்டு பேரும் ஒன்றாகப் போனோம். போக முதல் அவர் வானின் அச்சு நடுவில் மட்டையை வைத்து, அந்த அளவுக்குக் கோடு போட்டு, வட்டமாக வெட்டி, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அந்த வளவில் தென்னை மரத்தோடு மரமாக றிம்கள் அடுக்கிக் கிடந்தன. விற்கிறவர் வயதானவர், மரியாதையான மனுசன். என்னைப் பார்த்ததும் உள்ளே போய்க் கதிரை கொண்டுவந்து போட்டார். எங்கள் வானுக்குரிய மாதிரியில் சரியாக நாலு இருந்தது. ஒரே வடிவம், ஒரே பளபளப்பு, நடுவில் ஒரே மூடி. என் கண்ணுக்கு நாலும் எங்கள் பழைய றிம்தான்.

"எல்லாம் கொம்பனிச் சாமான் தம்பி," என்றார் அவர். "ஜப்பானில இருந்து வாகனத்தோட வந்தது."

என் கணவர் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நாலையும் கவிழ்த்துப் போட்டார். பின்பக்கம் நாலுக்கும் புதுசாகச் சாம்பல் பெயின்ற் அடித்திருந்தது.

"சுரண்டிப் பார்க்கலாமா அண்ண?"

"பாருங்க தம்பி. எனக்கென்ன ஒளிப்பு."

அவர் வான் திறப்பின் நுனியால் மெதுவாகச் சுரண்டினார். முதலாவதில் பெயின்றுக்குக் கீழே எழுத்துகள் எழும்பின. அளவும் கொம்பனி அடையாளமும் உலோகத்தோடு உலோகமாய் வார்த்தெடுத்தவை, விரலால் தடவினாலே தெரிந்தன. கம்பிகளின் உள்பக்கம் வழுவழுவென்று குடைந்திருந்தது. மட்டை வட்டத்தை நடு ஓட்டையில் வைத்தார், தட்டாமல் இறுக்கமாய் உட்கார்ந்தது. இரண்டாவதும் அப்படியே. ஆனால் அதில் டயர் உட்காரும் விளிம்பைச் சுரண்டியபோது வெள்ளைத் தூள் கொட்டியது, உள்ளே அம்மைத் தழும்புபோலக் குழி குழியாக இருந்தது.

"உப்புத் தண்ணி," என்றார்.

விற்கிறவர் குனிந்து பார்த்தார். "சுனாமியில நிண்ட வாகனத்தில கழட்டினதா இருக்கும்," என்றார், சாதாரணமாக. நான் வாவிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மூன்றாவதிலும் நாலாவதிலும் எழுத்து இருந்தது. ஆனால் வார்த்த எழுத்தல்ல. பிறகு யாரோ மேலோட்டமாய்க் குத்தியது, பெயின்ற் போனதும் எழுத்தும் பாதி போய்விட்டது. உள்பக்கம் சொரசொரவென்று மணலில் ஊற்றிய மாதிரி. மட்டை வட்டம் நடு ஓட்டைக்குள் விழுந்து ஆடியது, சுற்றிவர நகம் போகிற இடைவெளி.

"இது ரெண்டும் கொப்பி," என்றார் என் கணவர். "கொம்பனியைப் பார்த்துப் போலியா வார்த்தது. எல்லா வாகனத்துக்கும் போடலாமெண்டு ஓட்டையைப் பெருசா விட்டிருக்கான். பாரம் அச்சில நிக்காது, நட்டிலதான் நிக்கும்."

அந்த மனுசன் கோபப்படவில்லை. கவிழ்ந்து கிடந்த றிம்முக்குப் பக்கத்தில் குந்தி, தானும் விரலால் தடவிப் பார்த்தார். அவர் முகம் விழுந்து போயிற்று. "எனக்கு இப்பிடியே பெயின்ற் அடிச்சுத்தான் தம்பி வருது. நான் நாலும் ஒண்டெண்டுதான் எடுத்தன்."

"வேற ரெண்டு கிடைக்குமா?"

"இந்த மாதிரிக்கா? இனி எப்ப வருமோ, வருமோ வராதோ. உங்களுக்குப் பொய் சொல்லேலாது."

என் கணவர் என் வயிற்றைப் பார்த்தார். பிறகு அந்த நாலையும் பார்த்தார். நல்லதில் ஒன்றை உப்புத் தின்றிருந்தது. முழுசாய் இருந்த இரண்டும் பொய். நன்றாகத் தெரிந்துகொண்டும் என்ன பயன் என்று அந்த இடத்தில் எனக்குத் தோன்றியது. தெரியாதவன் என்றால் நாலையும் சிரித்த முகத்தோடு ஏற்றிக்கொண்டு போயிருப்பான். நாங்கள் தெரிந்தே ஏற்றிக்கொண்டு வந்தோம்.

உப்புக் குழிகளை வாழைச்சேனைக் கராஜில் தேய்த்து ஏதோ பசை பூசித் தந்தார்கள். நல்லது இரண்டையும் முன்னுக்கும், கொப்பி இரண்டையும் பின்னுக்கும் போட்டார். ஓட்டைக்குள் பிளாஸ்டிக் வளையம் வைத்து இடைவெளியை அடைத்தார். உப்புத் தின்ற சில்லு மெல்ல மெல்லக் காற்றை விடும், காலையில் எழும்பியதும் முதல் வேலை அதற்குப் பம்ப் அடிப்பதுதான். ஆள் ஏற்றுவதைக் குறைத்துவிட்டார். குழி கண்ட இடத்தில் நடக்கிற வேகம். அவசரக்காரர்கள் ஏசினார்கள். அவர் வேகத்தைக் கூட்டவில்லை.

கார்த்திகை மழை ஓயாமல் பெய்த ஒரு விடியலில் எனக்கு வயிற்றுக் குத்துத் தொடங்கியது. சொன்ன தேதிக்கு இன்னும் நாள் இருந்தது. ஊர் மருத்துவிச்சி அம்மா வந்து தடவிப் பார்த்துவிட்டு, "பிள்ளை குறுக்கால கிடக்கு. இஞ்ச வைச்சிருக்க ஏலாது, வாழைச்சேனைக்குக் கொண்டு போங்க," என்றா. அம்புலன்ஸ் இன்னொரு நோயாளியோடு போயிருந்தது. வான் வாசலில் நின்றது. உள்ளே பாய் விரித்து என்னைக் கிடத்தினார்கள், மருத்துவிச்சி அம்மாவும் கூட ஏறினா.

பனிச்சங்கேணிப் பாலம் தாண்டும் வரைக்கும் அவர் என்னோடு பேசிக்கொண்டே வந்தார். அதற்கப்பால் ரோட்டுக்கும் களப்புக்கும் வித்தியாசம் தெரியாமல் தண்ணீர். குழி எங்கே, ரோட்டு எங்கே என்று கண்ணால் பிடிக்க முடியவில்லை. அவர் மெதுவாகத்தான் ஓட்டினார், அதை நான் எங்கேயும் சொல்வேன். பின் இடது சில்லு தண்ணீருக்குள் ஒரு குழியில் இறங்கியது. பனம்பழம் விழுந்தது போல ஒரு சத்தம். வான் ஒரு பக்கமாய்ச் சரிந்து நின்றது.

அவர் இறங்கிப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து கதவைத் திறந்தபோது முகத்தில் மழையா கண்ணீரா என்று எனக்குத் தெரியவில்லை.

"கம்பி ரெண்டு வெடிச்சிட்டு," என்றார். "விளிம்பும் பிளந்து போச்சு."

"மாத்துச் சில்லு?"

மாற்றுச் சில்லு எங்களிடம் எப்போதுமே இருக்கவில்லை என்பது எனக்கும் தெரியும். அந்த வலியில் கேட்டுவிட்டேன்.

ரோட்டில் ஒரு வாகனமும் இல்லை. அவர் முன்னுக்குக் கொஞ்சத் தூரம் ஓடினார், பிறகு என்னைத் தனியே விட முடியாமல் திரும்பி ஓடிவந்தார், பிறகும் ஓடினார். மருத்துவிச்சி அம்மா என் கையைப் பிடித்தபடி, "முக்காத மகள், முக்காத," என்று சொல்லிக்கொண்டே இருந்தா. அந்த ரோட்டில் எங்கள் மகள் பள்ளிக்கூடச் சப்பாத்தோடு நடந்து வருவதுபோல ஒரு தோற்றம் எனக்கு வந்து வந்து போனது. இந்தப் பிள்ளையையும் தண்ணீரிலேதான் கொடுக்கப் போகிறேன் என்று நினைத்தேன். நினைத்ததைத் தவிர நான் வேறொன்றும் செய்யவில்லை, செய்யவும் முடியாது.

கடைசியில் வந்தது ஆமி ட்ரக். அவர் ரோட்டு நடுவில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். அப்படிக் கையைத் தூக்கி நிற்கிற ஆளை அந்தக் காலத்தில் அவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். இறங்கிய பெடியன் முதலில் துவக்கைத்தான் நீட்டிப் பிடித்தான். பிறகு வானுக்குள் எட்டிப் பார்த்தான். உடனே திரும்பிச் சிங்களத்தில் ஏதோ கத்தினான். நாலு பேர் என்னைப் பாயோடு தூக்கினார்கள். மருத்துவிச்சி அம்மாவை ஏற்றினார்கள். என் கணவர் ஏறக் கால் வைத்தபோது ஒருவன் கையால் மறித்து, "நீங்க இல்ல. வான் எடுங்க," என்றான். ரோட்டில் வாகனத்தை அப்படியே விட்டுப் போகக்கூடாது என்பது அவர்களின் கட்டளை. அவர் கெஞ்சவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு மழைக்குள் நின்றார். ட்ரக் வளைவில் திரும்பும்வரை அவர் அசையவில்லை.

வாழைச்சேனையில் பார்த்துவிட்டு உடனே மட்டக்களப்புக்கு அனுப்பினார்கள். வயிற்றை வெட்டித்தான் எடுத்தார்கள். ஆண்பிள்ளை. அழ நேரமெடுத்தான் என்று பிறகு சொன்னார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். என் கணவர் அடுத்த நாள் பின்னேரம்தான் வந்து சேர்ந்தார். யாரோ ஒருவருடைய உழவு மெசினால் வானை இழுத்து ஒதுக்கிவிட்டு, பாதி நடந்தும் பாதி பஸ்ஸிலுமாக வந்திருந்தார். நானும் பிள்ளையும் இருக்கிறோமா இல்லையா என்று வார்ட்டு வாசல் வரைக்கும் அவருக்குத் தெரியாது. யாரையும் கேட்கப் பயமாக இருந்ததாம்.

பெட்டிக்குள் பிள்ளையைக் காட்டினார்கள். நெடுநேரம் பார்த்தார். "தொட ஏலுமா?" என்று தாதியைக் கேட்டார். கையைக் கழுவிவிட்டுத் தொடலாம் என்றா அவ. கழுவினார், துடைத்தார், பிறகும் கழுவினார். கடைசியில் தொடாமலே வந்து என் கட்டிலடியில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்குத் தெரியும் புள்ள அது கொப்பியெண்டு," என்றார்.

"தெரிஞ்சு வேற என்ன செய்யிற?" என்றேன். அவருக்கு அது ஆறுதலாக இருக்கவில்லை. எனக்கும்தான்.

மகன் தேறி வீட்டுக்கு வந்தான். பிறகு அந்த வானில் அவர் ஏறவே இல்லை. மீன் வாடி ஒன்றில் ஐஸ் உடைக்கிற வேலைக்குப் போனார். கடலை விட்டு வந்த மனுசன் திரும்பவும் கரை வரைக்கும் போனார், அதற்கு மேலே ஒரு அடி வைக்கவில்லை. வெடித்த றிம்முக்குப் பதில் எங்கேயோ அதே மாதிரி இன்னொரு கொப்பியைத் தேடிப் போட்டு, வானை விலைக்கு விட்டார்.

வாங்க வந்தவர் ஏறாவூர்ப் பக்கத்து ஆள், சின்ன வயசு. என் கணவர் சில்லைக் கழற்றிப் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். எது கொம்பனி, எது கொப்பி, எது உப்புத் தின்றது என்று ஒவ்வொன்றாய்ச் சொன்னார். ரோட்டில் நடந்ததையும் சொன்னார்.

அந்தப் பெடியன் எல்லாவற்றையும் கேட்டான். "ஓம் அண்ண, விளங்குது," என்றான். "இப்போதைக்கு ஓடட்டும். பிறகு பார்த்து மாத்துவம்."

"பிறகெண்டு வைக்காதீங்க தம்பி. முதல்ல அந்தப் பின் சில்லு ரெண்டையும் மாத்துங்க."

"மாத்துறன்."

வான் எங்கள் ஒழுங்கையால் இறங்கிப் பெரிய ரோட்டில் ஏறியது. வெயிலில் நாலு சில்லும் ஒரே மாதிரி மின்னின. அவர் வாசல் கடப்படியில் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு உள்ளே வந்து, சோறு போடச் சொன்னார்.