மைசூரில் நான் பிடித்த முந்தானை

சேலத்தில் மதுவிலக்கு வந்த பிறகு, மச்சானும் நானும் தசரா பார்க்க மைசூர் போனோம். அரண்மனையை வாய்பிளந்து பார்த்துவிட்டு, நேரே கள்ளுக்கடைக்குள் நுழைந்தோம். வெளியே வந்தால் ஊர்வலக் கூட்டம். முன்னால் ஓர் அம்மாளின் பட்டுச்சேலை. தறிக்காரன் கை சும்மா இருக்குமா? நெசவு பார்க்க முந்தானையைப் பிடித்து உள்பக்கம் திருப்பிவிட்டேன்!

அவர் கணவர் என் சட்டையைப் பிடித்தார். கூட்டம் கை ஓங்கியது.

"தறி ஓட்டறவனுங்க சாமி! துணியைக் கண்டா கை நிக்காதுங்க!" என்று மச்சான் கதறினார்.

நல்லவேளை, அந்த அம்மாளுக்குத் தமிழ் தெரிந்திருந்தது. காய்த்துப்போன என் விரல்களைப் பார்த்தார்.

"அடிக்காதீங்க," என்றவர், "சரி, நெசவு எப்படி?" என்று என்னிடம் கேட்டார்.

"உள்பக்கமும் சுத்தமா இருக்குதுங்கம்மா."

சிரித்துவிட்டார். அந்தப் புண்ணியவதியால் முழு உடம்போடு ஊர் திரும்பினேன்.

கள்ளை விட்டுவிட்டேன். கைகளைத்தான் இன்னும் நம்ப முடியவில்லை. நல்ல சேலை எதிரே வந்தால் அவற்றைப் பின்னால் கட்டிக்கொள்கிறேன்.