கிரகணத்துக்கு வெட்டிய படம்

சென்ற நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை கண்டியில் எனக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். ஊசி வழியே மருந்து ஏறியதும் தொண்டையிலிருந்து அடிவயிறு வரை ஒரு சூடு இறங்கியது. கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஒரு குரல் மூச்சைப் பிடிக்கச் சொன்னது, பிறகு விடச் சொன்னது. அந்த வாரம் என்னோடு அதிகம் பேசிய குரல் அதுதான்.

வலது நுரையீரலின் மேற்பகுதியில் பாசிப்பயறளவு ஒரு புள்ளி. அது புதிதா, பழையதா என்பதுதான் கேள்வி என்றார் டொக்டர். பல வருடமாக அப்படியே இருந்தால் பயமில்லை. புதிதாக வந்ததென்றால் புற்றுநோயாகவும் இருக்கலாம். 2019இல் நீண்ட இருமலுக்காக ஒரு ஸ்கேன் எடுத்திருந்தேன். எடுத்த இடத்தில் இப்போது அந்தப் படம் இல்லை. அறிக்கையில் புள்ளியைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

"எழுதாமல் விட்டிருப்பார்கள். படம் வீட்டில் இருக்குமே?" என்று கேட்டார். நம் நாட்டில் படத்தை நோயாளியே வைத்துக்கொள்வது வழக்கம்.

"இருக்கும்" என்றேன். திகதி போட்ட எதையும் நான் எறிவதில்லை.

அலுமாரியிலிருந்து உறையை எடுத்தேன். தாள்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் தோளும் வயிறும் தெரிந்தன. நுரையீரல் இருக்க வேண்டிய இடங்களில் கத்தரித்த ஓட்டைகள். அவற்றின் வழியே எதிர்வீட்டுக் கூரை தெரிந்தது.

அந்த வருடம் நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள், டிசம்பர் 26, வியாழக்கிழமை, சூரிய கிரகணம். ஸ்கேன் படத்தின் கறுப்பு வழியாகச் சூரியனைப் பார்ப்பது எங்கள் வீட்டு வரிசையில் எல்லோரும் செய்ததுதான்; கண்ணுக்கு ஆகாது என்று அப்போதும் சொன்னார்கள். படத்தில் அதிகம் கறுப்பாக விழுவது காற்று நிறைந்த இடம், நுரையீரல். என் மனைவி சரியான இடம் பார்த்து வெட்டி, அயல் வீடுகளுக்கெல்லாம் பங்கு வைத்திருக்கிறாள். கொரோனாவின் இரண்டாம் வருடத்தில் அவள் போய்விட்டாள். அந்த வீட்டுக்காரர்களும் ஒவ்வொருவராக இடம் மாறிவிட்டார்கள். எஞ்சியது எதிர்வீட்டம்மா மட்டும். மனைவியின் கருமாதிக்குப் பிறகு நான் அந்தப் படி ஏறியதில்லை. அன்று ஏறினேன்.

"ஆத்தாடி, சேர் எங்க வீட்டுக்கா! அதான் மழ இப்பிடி ஊத்துது. உள்ளுக்கு வாங்க."

விஷயத்தைச் சொன்னேன்.

"கிரகணம் பாத்த துண்டா? இருக்கு இருக்கு. மாதா படத்துக்குப் பின்னால சொருகி வச்சேன்." கதிரை மேல் ஏறி எடுத்துத் தூசி தட்டினாள். "நீங்கதான் அன்னைக்கிப் பாக்கவே இல்லயே. உங்க வீட்டு அக்கா வாசல்ல நின்னு கத்துது, நீங்க உள்ளுக்கு உக்காந்து எத்தன மணிக்குப் புடிச்சது, எத்தன மணிக்கு விட்டதுன்னு எழுதிக்கிட்டிருந்தீங்க."

"யாராவது எழுத வேணுமே."

"ஆமா, நீங்க எழுதாட்டி விட்டிருக்காதாக்கும்!"

மறுநாள் டொக்டர் அந்தத் துண்டை வெளிச்சப் பெட்டியில் வைத்து, திருப்பி, மறுபடியும் திருப்பிப் பார்த்தார். கோணல்மாணலாக வெட்டிய விளிம்பை விரலால் தடவினார்.

"இது நுரையீரலின் கீழ்ப்பகுதி. நமக்கு வேண்டியது மேலே. வேறு துண்டு இல்லையா?"

இல்லை. அப்படியானால் மூன்று மாதம் பொறுத்து மீண்டும் ஸ்கேன். புள்ளி வளரவில்லை என்றால் நல்லது. அதுவரை அவரும் எதுவும் சொல்ல முடியாது.

கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் ஏறி எங்கள் பகுதியான மஹய்யாவவில் இறங்கினேன். எதிர்வீட்டம்மா வாசலிலேயே நின்றாள்.

"என்ன சேர் சொன்னாங்க?"

"மூணு மாசம் பொறுக்கணுமாம்."

சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தாள். பிறகு கையை நீட்டினாள். "அப்ப துண்டக் குடுத்துருங்க. அக்கா குடுத்தது."

ஒரு நாளாவது என்னிடம் இருக்கட்டும் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. கொடுத்துவிட்டேன்.

உள்ளே வந்து, பெப்ரவரியில் வரும் அடுத்த ஸ்கேனுக்கான நாளைக் குறித்து வைக்கக் கலண்டரைப் புரட்டினேன். டிசம்பரோடு தாள் முடிந்துவிட்டது. கடைகளில் புதுக் கலண்டர் தர இன்னும் நாள் இருந்தது.