மாமனார் தொட்டிக்கு ஒரு விளக்கு

வீட்டோடு மாப்பிள்ளை என்றால் கால் மேல் கால் போட்டுச் சாப்பிடுகிறவன் என்று நினைப்பவர்கள், இந்த மனிதரை ஒரு வாரம் பார்த்துவிட்டுப் பேசட்டும். பகலெல்லாம் டயர் கம்பெனியில் கணக்குப் பிரிவு. வீடு திரும்பினால் மாமனாரின் கடல்நீர்த் தொட்டி. கூடத்துச் சுவரை அடைத்துக்கொண்டு நிற்கும் அதற்குள் மீன்களும் உயிருள்ள பவளங்களும். உப்பு அளக்க வேண்டும், கண்ணாடி தேய்க்க வேண்டும். மாமனாருக்கு முழங்கால் போனதிலிருந்து எல்லாம் இவர் தலையில்.

தனிக்குடித்தனம் போகிறோம் என்று இவர் சொன்னபோது மாமனார் முகம்கூடச் சுளிக்கவில்லை. "தாராளமாப் போங்க மாப்ளே. இதுங்க உயிரோட இருக்கிற வரைக்கும் மட்டும் பொறுத்துக்குங்க" என்றார். பவளம் நூறு வருஷம்கூட வாழும், நம்மையெல்லாம் வழியனுப்பிவிட்டுத்தான் போகும் என்பது இவருக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஒருநாள் பழைய விளக்கு புகைந்து அணைந்தது. கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று மலிவு, மீனுக்குப் போதும். ஆனால் பவளத்துக்கு வெளிச்சம்தான் சோறு, அதன் கீழ் அவை மெல்லப் பட்டினி கிடந்து செத்துப்போகும். மற்றது பவளத்துக்கென்றே செய்தது. மலிவானதை வாங்கினால் யாருக்கும் தெரியாது, விடுதலை. கை அதன் மேலேயே கிடந்தது. என்ன இழவு மனசோ, வாயில்லா ஜீவன்களைப் பட்டினி போட வரவில்லை. நல்லதையே வாங்கி வந்தார்.

வெளிச்சத்தைக் குறைவாக வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள் என்று கடைக்காரர் சொல்லித்தான் அனுப்பினார். ஆனால் அந்த விளக்கின் நீல வெளிச்சம் நம் கண்ணுக்கு மங்கல். எவ்வளவு வைத்தாலும் போதாதது போலவே இருக்கும். ஐயோ, பசியில் கிடக்கின்றனவே என்று இவர் தினமும் கூட்டிக்கொண்டே போனார். பவளத்துக்கோ அது உச்சி வெயில். பழுப்பும் பச்சையுமாக இருந்தவை ஒவ்வொன்றாகச் சுண்ணாம்பாய் வெளுத்தன.

மாமனார் தொட்டி முன்னால் உட்கார்ந்து நெடுநேரம் பார்த்தார். மனைவிதான் சமையலறையில் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "போறதுக்கு வேற வழியே தெரியலையா உங்களுக்கு? இதுங்களக் கொன்னுட்டுத்தான் போகணுமா?"

இவர் அவளிடம் நடந்ததைச் சொன்னார். மலிவு விளக்கின் மேல் கை வைத்தது வரை சொன்னார். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

"அப்ப நினைச்சீங்கல்ல" என்றாள் அவள்.

மறுநாளே வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்தார். வெளுத்தது செத்ததாகாது, பக்குவமாகப் பார்த்தால் நிறம் திரும்பும் என்று கடைக்காரர் தைரியம் சொன்னார். திரும்பினால் இவருக்கு இந்த வீடுதான் கதி. திரும்பாவிட்டால் கொன்றவன் என்ற பேரோடு படியிறங்க வேண்டும். அலுவலகத்திலிருந்து வந்தால் சட்டைகூட மாற்றாமல் தொட்டியிடம் ஓடினார்.

ஒரு சாயங்காலம் ஒரு பவளத்தின் ஓரத்தில் லேசாகப் பழுப்பு தெரிந்தது.

"மாமா, நிறம் வருது" என்றார். குரலில் இருந்த சந்தோஷம் அவருக்கே கேட்டது. போச்சுடா என்று மாமனாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.