மைலேஜ் டயரும் கருவேல முள்ளும்

என் வீட்டுக்காரர் மைலேஜ் பைத்தியம் ஆனது எனக்கு டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகுதான். கமுதிப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊரிலிருந்து ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கு வாரம் இரண்டு நடை. சிறுநீரகம் கெட்டது எனக்கு. வைத்தியம் என்னவோ காருக்குத்தான் நடந்தது.

முதலில் மேலே இருந்த கேரியரைக் கழற்றினார். டிக்கியில் கிடந்த சாக்கு, மண்வெட்டி எல்லாம் வெளியே போயின. காலையில் டயர் சூடேறுவதற்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து காற்றைப் பார்ப்பார். ரோட்டில் ஏறினால் ஒரே வேகம். தூரத்தில் வேகத்தடை தெரிந்ததுமே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார். டவுன் பஸ்கூட எங்களை முந்திப் போகும். "இதுக்கு நடந்தே போயிருக்கலாம்" என்பேன். "பிரேக்க மிதிச்சா பெட்ரோலக் கீழ ஊத்துற மாதிரி புள்ள" என்பார். போகும்போது ஏசி கிடையாது. திரும்பும்போது, நான் துவண்டு சாய்ந்திருக்கையில், கேட்காமலே போடுவார். அந்த ஒன்றில் மட்டும் கணக்குப் பார்த்ததில்லை.

பழைய டயர் தேய்ந்ததும் கடைக்காரர் சொல்லிப் பார்த்தாராம்: "உங்க ஊரு முள்ளுக்குத் தடி டயருதாண்ணே தாங்கும். லேசா உருளுற டயரு மைலேஜ் குடுக்கும், ஆனா முள்ளு ஏறிரும்." இவர் மைலேஜ் டயரையே போட்டுக்கொண்டு வந்தார். வீட்டிலிருந்து தார்ரோடு வரைக்கும் மண்பாதை. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். மிளகாய் போட்ட எங்கள் நிலமும் இப்போது அதற்குள்தான் கிடக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளுக்கு முந்தின சாயங்காலம், விளக்குமாற்றோடு போய் அந்தப் பாதை முழுக்கக் கூட்டுவார். குனிந்து குனிந்து முள் பொறுக்குவார். ஊரில் சிரித்தார்கள். அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்வதை வாசலிலிருந்து பார்ப்பேன். என்னால்தானே இந்த மனுசனுக்கு இந்தப் பாடு.

ஒருவழியாக மைலேஜ் ஏறியது. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், பிள்ளை பாஸான மாதிரி. அடுத்த நடையிலேயே டாக்டர் சொல்லிவிட்டார், வாரம் இரண்டு போதாது, இனி மூன்று என்று.

அவர் மிச்சம் பிடித்ததெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் போய்விட்டது. வரும் வழியில் வேகத்தடைக்குக் கிட்டே வந்த பிறகுதான் பிரேக்கை மிதித்தார். வண்டி குலுங்கி நின்றது.

வீடு சேர்ந்ததும் சொன்னேன். "என்னங்க, போதும், இந்த வைத்தியத்த விட்டுருங்க. எனக்கும் முடியல, உங்களுக்கும் முடியல." கோபத்தில் சொல்லவில்லை. நிஜமாகவே போதும் என்றிருந்தது.

அவர் காரைச் சுற்றி வந்து ஒவ்வொரு டயரையும் தடவிப் பார்த்தார். "இனிமே வெள்ளன கெளம்பிட்டா எதிர்காத்து இருக்காது புள்ள," என்றார். "அதுல கொஞ்சம் மிச்சம் புடிச்சிரலாம்."

பிறகு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு பாதைக்குப் போனார். நாளைக்கு ஆஸ்பத்திரி கிடையாது என்பதே அவருக்கு நினைவில்லை.