மிட்டாய் சாரின் குழப்பம்

மிட்டாய் சார் வகுப்பில் கேள்வியைக் கேட்டுவிட்டு ஒரு பெப்பர்மின்ட் மிட்டாயை வாயில் போட்டுக்கொள்வார். அது கரையும்வரை பேச மாட்டார். "சோப்பு விலையை ஏத்தினா வாங்குறவங்க குறைவாங்க. அப்புறம் ஏன் கம்பெனி ஏத்துது? சொல்லுங்க பார்ப்போம்." அவ்வளவுதான். வகுப்பு திருதிருவென்று விழிக்கும். அவர் அதைவிட அதிகமாய் விழிப்பார். பதில் தொண்டைவரை வந்து நிற்கிறதே, பாவம்!

எங்கள் வணிக மேலாண்மைக் கல்லூரியில் எனக்கு அடுத்த மேசைக்காரர். மழை நாளிலும் இஸ்திரி கலையாத முழுக்கைச் சட்டை, அதன் பையில் ஒரு மிட்டாய்ப் புடைப்பு. பிள்ளைகள் வைத்த பெயர் மிட்டாய் சார். போன வருஷம்வரை அவர் வாயைத் திறந்தால் மணி அடித்தாலும் மூட மாட்டார். தேர்ச்சி பாதாளத்துக்குப் போகவே, கல்லூரி எங்களையெல்லாம் ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்பியது. பயிற்சி கொடுத்த அம்மாள் சொன்னது இதுதான்: "கேள்வி கேட்டுட்டுச் சும்மா இருங்க. அவங்க யோசிக்கட்டும்." நாங்கள் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டோம். இவர் மட்டும் திரும்பும் வழியில் கடையில் நின்று மிட்டாய் வாங்கினார்.

வீட்டிலும் அதே கூத்து. "கேஸ் தீர்ந்துபோச்சு, என்ன பண்றதுன்னு கேட்டா, 'நீ என்ன நினைக்கிற'ங்கறாரு. தலையில அடிச்சுக்கலாம்போல இருக்கு" என்று அவர் மனைவி என்னிடமே புலம்பினார்.

இந்தப் பருவத் தேர்வில் அவர் வகுப்புதான் முதலிடம். மனுஷர் சந்தோஷப்பட வேண்டாமோ? ஆசிரியர் அறையில் டீ ஆறி ஆடை கட்டும்வரை டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தொண்டை கிழியக் கத்தினப்ப எல்லாரும் கோட்டை விட்டாங்க. வாயை மூடினதும் பாஸ் ஆகுறாங்க. அப்ப இத்தனை வருஷமா நான் என்னதான் சார் பண்ணிட்டிருந்தேன்? இனிமே நான் எதுக்கு?"

"பயிற்சி பலிச்சிருக்கு, விடுங்க சார்" என்றேன்.

"அதான் பயமா இருக்கு" என்றார்.

நேற்று அவர் வரும் பஸ் தாமதம். அரக்கப்பரக்க ஓடி வந்தவர், வகுப்பு வாசலில் அப்படியே நின்றுவிட்டார். பக்கத்து வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த நானும் நின்றேன். உள்ளே அவர் மாணவி ஒருத்தி பலகைக்கு முன்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்: "சரி, விலையைக் குறைச்சா என்ன ஆகும்? யோசிச்சுச் சொல்லுங்க."

அப்புறம் அவள் பேசவில்லை. வகுப்பும் பேசவில்லை.

கதவில் வைத்த கையை அவர் மெல்ல எடுத்தார். பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து, காகிதம் சத்தம் போடாமல் பிரித்து, வாயில் போட்டுக்கொண்டார்.