கிரிஜா போட்ட நீளும் அலமாரி

என் மருமகள் கிரிஜாவுக்குப் படம் போடுவதுதான் வேலை. சாமி படமோ மனுஷர் படமோ இல்லை. கதவு, ஜன்னல், மேஜை, அலமாரி இவைதான். அவள் அளவோடு போட்டுக் கொடுத்தால் பட்டறைக்காரர் அதைப் பார்த்து அப்படியே செய்துவிடுவார். கோடு பிசகினால் பலகை வீண். எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் அவளைப் பற்றி நான்தான் சொல்வேன். அந்த அலமாரியைப் போட்ட பத்து நாளும் அவள் பக்கத்தில் இருந்தவள் நான். என் மகன் சூர்யாவைக் கேட்டால் பாதியைத் தப்பாகச் சொல்வான்.

கிரிஜா இங்கே மராட்டிக்காரர் ஊரில், தேஹு ரோட்டில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். அப்பாவுக்கு அங்கே மிலிட்டரி டிப்போவில் வேலை. ஐ.டி.ஐ.யில் படம் வரையப் படித்தாள். அப்போது கம்ப்யூட்டர் எல்லாம் அவர்கள் கைக்கு வரவில்லை. மெழுகுத்தாள் மாதிரி ஒரு தாள், மைப்பேனா, தப்பைச் சுரண்ட ஒரு பிளேடு, அவ்வளவுதான். நாங்கள் கிர்க்கியிலிருந்து பெண் பார்க்கப் போனபோது அவள் விரலெல்லாம் கறுப்பு.

"இன்னாமா இது, கையெல்லாம் கறை?" என்று கேட்டேன்.

"வேலை செஞ்சா ஒட்டிக்கும் அத்தை."

"அத்தையா? நாங்க இன்னும் பேசியே முடிக்கலியே."

"முடிச்சிடுவீங்க."

முடித்துவிட்டோம்.

பேத்தி தீபா பிறந்து நடக்க ஆரம்பித்ததும், பிம்ப்ரியில் கல்யாணசுந்தரம் என்பவருடைய ஆபீசில் கிரிஜா சேர்ந்தாள். முன்னால் நாலு கம்ப்யூட்டர், பின்னால் மரப்பட்டறை. பட்டறையில் வெட்டுகிற மாஸ்டர் முகமது இஸ்மாயில், ஆம்பூர்க்காரர். அவளோடு படம் போடுகிற இன்னொருத்தன் ஜெபகுமார். நல்ல பையன்தான், வாய்தான் கொஞ்சம் நீளம். ஆறு வருஷம் கிரிஜா போட்ட படங்களுக்குக் கீழே யார் யாரோ கையெழுத்துப் போட்டார்கள்.

இரண்டாயிரத்து ஆறில் ரஞ்சன்காவ் கம்பெனி ஒன்று தன் ஆட்கள் தங்க ஹாஸ்டல் கட்டியது. இருநூற்றுப் பன்னிரண்டு அறை, அறைக்கு ஒரு அலமாரி. அகலத்தில் ஐந்து தினுசு, உயரத்தில் மூன்று, கதவு இடப்பக்கம் திறப்பது ஒன்று, வலப்பக்கம் திறப்பது ஒன்று. முப்பது படம் போட வேண்டும், இரண்டு வாரம் ஆகும் என்றான் ஜெபகுமார்.

கிரிஜா ஒரே படம் போதும் என்றாள். கம்ப்யூட்டரில் படம் போடுகிற ஆட்டோகேட் இப்போது புது தினுசாக வந்திருக்கிறது, அதில் ஒரு அலமாரியைச் செய்து வைத்தால் ஓரத்தைப் பிடித்து இழுக்க இழுக்க நீளும், ஒரு தட்டுத் தட்டினால் கதவு பக்கம் மாறும் என்றாள். அவர்கள் பாஷையில் அதற்குப் பெயர் பிளாக்.

"அடுத்த வாரம் வியாழக்கிழமை கம்பெனிக்காரங்க பார்க்க வர்றாங்க" என்றாராம் கல்யாணசுந்தரம். "அன்னைக்கு நீ சொன்ன மாதிரி ஓடிச்சுன்னா டிராயிங் பொறுப்பு உனக்கு. ஓடலைன்னா ஜெபகுமாருக்கு. அப்புறம் அவன் சொல்றதைத்தான் நீ போடணும்."

இது திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமை காலையில் தீபா, "ஆயா, ரொம்ப குஜ்லி ஆகுது" என்று சொறிந்துகொண்டே முதுகைக் காட்டினாள். முத்து முத்தாக அம்மை போட்டிருந்தது.

நான் வாசலில் வேப்பிலை செருகினேன். தாளிப்பை நிறுத்தினேன். சூர்யாவை, அவன் வேலை பார்க்கிற சாகணிலேயே கூட்டாளி அறையில் தங்கிக்கொள்ளச் சொன்னேன். மூன்றாவது தண்ணீர் ஊற்றுவது அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை. அதுவரைக்கும் யாரும் வாசல் தாண்டக் கூடாது.

"அத்தை, வியாழக்கிழமை ஒரு ரெண்டு மணி நேரம்."

"ஆத்தா இருக்கிற வீடு. முடியாது."

"ஆறு வருஷம் அத்தை."

"அறுபது வருஷமானாலும் முடியாது."

அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. போனை எடுத்து ஆபீசில் பேசினாள். சாயங்காலம் ஜெபகுமார் ரிக்ஷாவில் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வாசலில் வைத்தான். "இதுக்கும் வேப்பிலை கட்டுவீங்களா ஆயா?" என்று சிரித்தான். கட்டினேன். திரைக்கு மேலே இன்னும் கொஞ்சம் தாராளமாகவே கட்டினேன். கிரிஜா இலையை விலக்கி விலக்கி வேலை பார்த்தாள்.

பிள்ளைக்கு வேப்பிலையால் வருடிக்கொண்டே நானும் திரையைப் பார்ப்பேன். எழுத்துதான் தெரியாது, அலமாரி தெரியுமே. முதல் நாள் ஓரத்தில் ஒரு அம்புக்குறி வைத்து இழுத்தாள். அலமாரி ஜம்மென்று அகலமாயிற்று. ஆனால் கைப்பிடி பழைய இடத்திலேயே கதவு நடுவில் தொங்கிற்று.

"கைப்பிடி வரலியேம்மா."

"பாத்துட்டேன் அத்தை. கம்முனு இருங்க."

இழுக்கும்போது எதெல்லாம் கூட நகர வேண்டுமோ அதையெல்லாம் சுற்றி முதலில் ஒரு கட்டம் போட வேண்டுமாம். கட்டத்துக்கு வெளியே விட்டது நகராதாம். கைப்பிடியை விட்டுவிட்டாள். மறுபடி போட்டாள். பிறகு உயரம், பிறகு கதவு பக்கம் மாறுவது. ஞாயிற்றுக்கிழமை எல்லாம் சரியாக ஓடியது. ஜெபகுமார் வந்து வாசலில் நின்றே சிடியில் வாங்கிக்கொண்டு போனான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் இஸ்மாயில் மாஸ்டர் ஸ்கூட்டரில் வந்தார். வேப்பிலையைப் பார்த்ததும் படியேறாமல் ரோட்டிலேயே நின்றுவிட்டார். கையில் ஒரு தாள்.

"கிரிஜாமா, இன்னா இது? எண்ணூத்தி எழுபத்தி மூணு மில்லி அகலம்னு ஒரு அலமாரி போட்டுக்கீது. எங்கிட்ட வர்ற கதவு எழுநூத்தம்பது, இல்லன்னா தொள்ளாயிரம். எழுபத்தி மூணுக்கு நான் எங்க போறது?"

கிரிஜா ஜன்னலில் நின்றாள். "நான் அப்படிப் போடலியே மாஸ்டர்."

"ஜெபகுமார் தம்பி போட்டுக்கீறான். செவுத்துக்குச் செவுரு கண்ணால பாத்து இழுத்து வுட்டுட்டான். வெட்டறதுக்கு முன்னாடி நான் பாத்தேன், பொழச்சோம். நாளன்னிக்கு வர்றவங்க பாத்திருந்தா?"

அவர் போன பிறகு கிரிஜா திரைக்கு முன்னால் உட்கார்ந்து அந்த அலமாரியை இழுத்து இழுத்துப் பார்த்தாள். எனக்கு ஜெபகுமார் மேல் கோபம். அந்தப் பையனைத் திட்ட ஆரம்பித்தேன்.

"அவன் மேல தப்பில்ல அத்தை" என்றாள். "இழுக்கிறவன் இழுக்கத்தான் செய்வான். எங்க வேணா நிக்கிற மாதிரி செஞ்சு கொடுத்தது நான்தானே."

புதன்கிழமை முழுக்க அதே வேலை. ஐந்து அகலங்களையும் ஒரு பட்டியலாக உள்ளே கொடுத்துவிட்டாள். இனிமேல் யார் இழுத்தாலும் அலமாரி அந்த ஐந்தில் ஒன்றில்தான் போய் உட்காரும்.

"லோக்கல் டிரெயின் மாதிரி அத்தை. கிர்க்கி, டாபோடி, காசர்வாடி. நடுவுல நிக்காது."

"சிக்னல்ல நிக்குதே."

"நின்னா எறங்கிடுவீங்களா?"

சாயங்காலம் ஜெபகுமார் புது சிடியை வாங்க வந்தான். அவன் முகமே சரியில்லை. "அக்கா, நாளைக்கு நான்தான் இழுத்துக் காட்டணுமாம். நீங்க வந்துடுங்களேன்" என்றான். கிரிஜா என்னைப் பார்த்தாள். நான் தீபாவைப் பார்த்தேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் செய்வேன்.

"நீ இழுக்காத" என்றாள் கிரிஜா அவனிடம். "மாஸ்டர் கையில குடு."

"அவரு மவுஸைத் தொட்டதே இல்லக்கா."

"அதுக்குத்தான்."

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு போன் அடித்தது. கிரிஜா ஸ்பீக்கரைப் போட்டாள். அந்தப் பக்கம் கல்யாணசுந்தரம் ஏதோ இங்கிலீஷில் பேசினார், வந்தவர்கள் மராட்டியில் கேட்டார்கள். கிரிஜா எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். படத்தை யாராவது தப்பாக இழுத்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் அவர்கள் கேள்வி.

"மாஸ்டர் இழுக்கட்டும் சார்" என்று கிரிஜா போனுக்குள் சொன்னாள்.

"மாஸ்டரா? என்னம்மா விளையாடறியா?" என்றார் கல்யாணசுந்தரம்.

"அவர் தப்பா இழுத்துட்டா பொறுப்பை ஜெபகுமாருக்கே குடுத்துடுங்க."

அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. எலி மாதிரி இருக்கிற அந்தப் பொருளை எப்படிப் பிடிப்பது என்று மாஸ்டர் கேட்டார், யாரோ சிரித்தார்கள். கிரிஜாவின் விரல் ஒயரைச் சுற்றிச் சுற்றி முறுக்கிக்கொண்டிருந்தது.

"இழுக்கிறேன்மா" என்றார் மாஸ்டர். "ஒன்னு... தொள்ளாயிரத்துல நின்னுச்சு. இன்னும் இழுக்கிறேன். ஆயிரத்தம்பது. இதுக்கு மேல சாய்ச்சு இழுத்தாலும் ஆயிரத்து எரநூறுதான். யம்மா, இது நான் வெட்டாத அளவுக்குப் போவவே மாட்டேங்குது."

கம்பெனிக்காரர் ஒருவர் தானும் இழுத்துப் பார்த்தார். பிறகு அவரோடு வந்தவர். ஆளுக்கு ஆள் வாங்கி வாங்கி இழுத்தார்களாம். "பராபர் ஆஹே" என்று ஒரு குரல் கேட்டது. அது நல்ல வார்த்தை என்று எனக்கே தெரியும்.

கல்யாணசுந்தரம் போனுக்குப் பக்கத்தில் வந்தார். "திங்கட்கிழமை வந்து கையெழுத்துப் போடும்மா. உன் பேரைத்தான் கீழே அடிக்கச் சொல்லியிருக்கேன்."

கிரிஜா சரி சார் என்று வைத்துவிட்டுப் போய் முகம் கழுவினாள். வெகு நேரம் கழுவினாள். மறுநாள் தீபாவுக்கு மூன்றாவது தண்ணீர் ஊற்றினோம். கறிவேப்பிலை போட்டுத் தாளித்தேன், வீடே மணந்தது.

இப்போதெல்லாம் பட்டறைக்குத் தாள் போனால் இஸ்மாயில் மாஸ்டர் அளவைப் பார்ப்பதில்லையாம். கீழே இருக்கிற பெயரைத்தான் பார்க்கிறாராம். "கிரிஜாமா போட்டதா?" என்று கேட்டுக்கொண்டு ரம்பத்தை ஓட்டிவிடுகிறார். அதனாலேயே இவள் ஒவ்வொரு தாளையும் இரண்டு தடவை பார்த்துத்தான் அனுப்புகிறாள், சாப்பாடு ஆறிப்போகிறது.